பீக், பெக், ரெசின், ஜிர்கோனியா: பல் கேப்புக்கும் பல்செட்டுக்கும் எது நீடிக்கும்?

ரூட் கேனல் முடித்த கடைவாய்ப்பல்லுக்கு எந்தக் கேப் போடுவது என்ற கேள்விக்கு ஒரு தலைமுறைக்கு முன்பு இரண்டே விடைகள் இருந்தன: முழு உலோகம், அல்லது உலோகத்தின் மேல் பீங்கான். இன்று அதே நாற்காலியில் உட்காருபவரிடம் ஜிர்கோனியா, லித்தியம் டைசிலிகேட் என்ற பீங்கான் வகைகள், பல்நிற ரெசின், பீக் (PEEK), பெக் (PEKK) என்ற பாலிமர்கள் என்று ஒரு பட்டியல் நீட்டப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையும் ஒரு விளம்பர வாசகமும் உண்டு. கடைசி இரண்டைப் பற்றித்தான் கேள்விகள் அதிகம் வருகின்றன. "உயர்செயல்திறன் பாலிமர் என்கிறார்கள், பிளாஸ்டிக்தானே, எத்தனை வருடம் தாங்கும்?" என்று ஒரு தரப்பினர் தயங்குகிறார்கள். "விமானத்தில் பயன்படுத்துகிற பொருளாம், உடையவே உடையாதாம், எல்லாப் பற்களுக்கும் அதையே போட்டுவிடலாமா?" என்று மறு தரப்பினர் ஆர்வப்படுகிறார்கள்.

இரு தரப்பினரும் பொருள் உடையுமா என்பதையே கேட்கிறார்கள். பீக் உடைவது அரிது என்பது உண்மைதான். ஆனால் வாயில் வைக்கப்படும் பாலிமர் கைவிடுவது பெரும்பாலும் அது இன்னொன்றோடு ஒட்டியிருக்கும் இடத்தில்தான்: கேப் பல்லோடு ஒட்டும் இடம், மேலே பூசிய பல்நிறப் பூச்சு உள்கட்டோடு (கேப்பின் உள்ளே இருக்கும் கட்டமைப்போடு) ஒட்டும் இடம், செயற்கைப் பல் அதைத் தாங்கும் பிரேமோடு ஒட்டும் இடம். பொருளின் பெயரைவிட இந்த ஒட்டைப் பற்றி விசாரிப்பவர்களே சரியான முடிவுக்கு வருகிறார்கள் என்பது என் கருத்து. கீழே உள்ள ஒப்பீடும் அதை அடிப்படையாகக் கொண்டதுதான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் களைப்பு. ஒரே ஒரு முறை அழுத்தி உடைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது விளம்பரத்துக்கு உதவும் எண். வாயிலோ சிறிய விசைகள் லட்சக்கணக்கான முறை விழுகின்றன. ஆய்வகத்தில் மெல்லும் இயந்திரத்தில் 12 லட்சம் முறை அழுத்தினால் அது சுமார் 5 ஆண்டுகள் மெல்லுவதற்குச் சமம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அதனுடன் 5 டிகிரி, 55 டிகிரி வெப்பநிலையில் உள்ள நீரில் மாற்றி மாற்றி முக்கி எடுக்கிறார்கள். மருத்துவரோ கேப் செய்து தரும் லேபின் பிரதிநிதியோ ஓர் ஆய்வைக் காட்டினால், அது ஒற்றை அழுத்தச் சோதனையா, இத்தகைய களைப்புச் சோதனையா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது, மேலே சொன்ன ஒட்டு. பாலிமர் கேப்களுக்கும் மேல்பூச்சுகளுக்குமான ஐ.எஸ்.ஓ. 10477 தரநிலை, பூச்சுக்கும் உள்கட்டுக்கும் இடையே குறைந்தது 5 மெகாபாஸ்கல் (சதுர மில்லிமீட்டருக்கு 5 நியூட்டன்) பிடிப்பு வேண்டும் என்கிறது. வாயின் ஈரத்தில் நெடுநாள் நிற்க அதைப் போல இரு மடங்காவது தேவை என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

மூன்றாவது தேய்மானமும் கறையும். பொருள் தான் எவ்வளவு தேய்கிறது, எதிரே உள்ள இயற்கைப் பல்லை எவ்வளவு தேய்க்கிறது, மெருகு எத்தனை காலம் நிற்கிறது என்ற மூன்றும் இதில் அடங்கும். மேற்பரப்பின் சொரசொரப்பு 0.2 மைக்ரானைத் தாண்டினால் கிருமிப்படலம் எளிதில் படியும் என்பது பல் மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. வெற்றிலை போடுபவர்களும், நாளுக்கு நான்கு காபி குடிப்பவர்களும் இந்த அளவுகோலுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

நான்காவது, பழுது பார்க்க முடியுமா என்பது. ஐந்தாவது, பல்லில் இழைக்க வேண்டிய அளவும் பின்னால் வரும் செலவுகளும். ஆறாவது, சான்றின் வயது. 3 ஆண்டுகள் மட்டும் கண்காணிக்கப்பட்ட ஒரு பொருளைப் பற்றி 15 ஆண்டு வாக்குறுதி கொடுக்க யாராலும் முடியாது.

## எண்கள் சொல்வதும் சொல்லாததும்

கீழே வளைவு வலிமை என்பது வளைத்தால் உடையும் வரை பொருள் தாங்கும் அளவு. மீள்மைக் குணகம் என்பது அதன் விறைப்பு; எண் குறைந்தால் பொருள் எளிதில் வளையும்.

| பொருள் | வளைவு வலிமை (மெகாபாஸ்கல்) | மீள்மைக் குணகம் (ஜிகாபாஸ்கல்) | முதலில் கைவிடும் இடம் |
|---|---|---|---|
| அக்ரிலிக் | 65–100 | 2–3 | தேய்மானம், பல்செட்டின் நடுக்கோட்டில் விரிசல் |
| ரெசின் கலவைக் கட்டி | 150–200 | 10–15 | பல்லை விட்டுக் கழன்று வருதல் |
| பீக் | 160–170 | 3–4 | மேல்பூச்சு உரிதல் |
| பெக் (டைட்டானியம் ஆக்சைடு கலந்தது) | சுமார் 200 | சுமார் 5 | மேல்பூச்சு உரிதல் |
| லித்தியம் டைசிலிகேட் | 360–500 | சுமார் 95 | மெலிந்த இடத்தில் விரிசல் |
| ஜிர்கோனியா (ஒளி ஊடுருவாத வகை) | 900–1200 | 200–210 | சிமென்ட் பிடிப்பு, பூசிய பீங்கான் சிதறல் |

ஒப்பிடுவதற்கு, பல்லின் உள்ளடுக்கான டென்டினின் மீள்மைக் குணகம் சுமார் 18, வெளியடுக்கான எனாமலின் குணகம் சுமார் 80. விளம்பரத் தாள்களில் தவறாமல் வரும் "எலும்பைப் போன்ற மீள்மை" என்ற வரியை இந்த இடத்தில் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். தாடை எலும்பின் கெட்டியான வெளியடுக்கு ஏறத்தாழ 14 ஜிகாபாஸ்கலிலோ அதற்கு மேலோ இருக்கிறது. பீக் அதில் நான்கில் ஒரு பங்குதான். கார்பன் இழை கலந்தால் பீக் 18 வரை போகும். ஆனால் அது கறுப்பு நிறம். கேப்புக்கு யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆகவே உங்களுக்குக் காட்டப்படும் பீக் எலும்பைவிட நன்றாகவே மென்மையானது. அது குறையும் அல்ல, நிறையும் அல்ல. எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

வலிமையைப் பொறுத்தவரை, கணினி இயந்திரத்தில் கடைந்தெடுத்த மூன்று பல் பீக் பாலம் (இரு பக்கப் பற்களைப் பிடித்து, இடையில் இல்லாத பல்லை நிரப்புவது) ஒற்றை அழுத்தத்தில் 2300 நியூட்டனைத் தாண்டியும் நின்றதாக ஆய்வகச் சோதனை உண்டு. கடைவாயில் மனிதர் கடிக்கும் உச்ச விசை பொதுவாக 500 முதல் 900 நியூட்டன் வரை. இந்த இரண்டு எண்களை மட்டும் அருகருகே வைத்தால் பீக் தேவைக்கு மேல் வலிமையானது என்று தோன்றும். ஆனால் பீக் பாலம் உடைவதற்கு வெகு முன்பே வளையத் தொடங்குகிறது. பீங்கான் வளையாமல் நின்று, எல்லை மீறினால் சட்டென்று விரிசல் விடும். பீக் வளைந்து கொடுக்கும், உடையாது. அதன் மேல் ஒட்டியிருக்கும் கெட்டியான பூச்சு அந்த வளைவைப் பின்தொடர முடியாமல் ஓரத்தில் பெயரும்.

## அக்ரிலிக்: மலிவு, பழுதுக்கு இணக்கம், தேய்மானம்

1930-களின் பிற்பகுதியில் பல்செட் தயாரிப்புக்கு வந்த அக்ரிலிக், இன்றும் உலகின் பெரும்பாலான கழற்றி மாட்டும் பல்செட்டுகளின் அடித்தளமாக இருக்கிறது. அது உடைகிறது, நீரை உறிஞ்சுகிறது, கறை பிடிக்கிறது, கொதிநீரில் போட்டால் கோணிவிடுகிறது. இருந்தும் நிலைத்து நிற்பதற்குக் காரணம், எந்த ஊரிலும் ஒரு சிறு லேபில் அரை நாளில் ஒட்டித் தர முடியும் என்பதுதான். பல் ஒன்று கூடுதலாக விழுந்தால் அதே செட்டில் சேர்க்கலாம். ஈறு சுருங்கினால் உட்புறம் புதிய அடுக்கு ஏற்றிப் பொருத்தலாம். பீக் பிரேமோ உலோக பிரேமோ இந்த இணக்கத்தை அதே அளவில் தருவதில்லை.

தனி கேப்பாக அக்ரிலிக் தற்காலிகத்துக்கு மட்டுமே. கடைந்தெடுத்த கெட்டி அக்ரிலிக் கேப், கையால் செய்த தற்காலிகக் கேப்பைவிடத் திடமானது. ஈறு அறுவை சிகிச்சை ஆறுவதற்கோ, புதிய கடி உயரம் பழகுவதற்கோ சில மாதங்கள் வைத்திருக்கலாம். அதை நிரந்தரக் கேப்பாக யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

## ரெசின் கலவைக் கட்டிகளும் அச்சிட்ட கேப்களும்

பீங்கான் துகளை ரெசினில் அடர்த்தியாகக் கலந்து, தொழிற்சாலையில் இறுக்கிய கட்டிகளிலிருந்து கேப்பை ஒரே அமர்வில் கடைந்தெடுக்க முடியும். எதிர்ப்பல்லை உறுத்தாது, கடிக்கும்போது இயற்கையான உணர்வு, சிறு பெயர்வு ஏற்பட்டால் நாற்காலியிலேயே சரிசெய்யலாம். காகிதத்தில் இவை எல்லாம் கவர்ச்சியாகவே இருந்தன.

2015-இல் என்ன நடந்தது என்பது இந்தத் துறையில் தேர்வு செய்யும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்றான லாவா அல்டிமேட் கட்டியைத் தயாரித்த 3எம் நிறுவனம், அதிலிருந்து முழு கேப் செய்யலாம் என்ற பரிந்துரையையே திரும்பப் பெற்றது. கேப்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பல்லை விட்டுக் கழன்று வந்ததே காரணம். பாதிப் பல்லை மூடும் இன்லே, ஆன்லே ஆகியவற்றுக்கான பரிந்துரை தொடர்ந்தது.

காரணத்தை இப்படிப் புரிந்துகொள்ளலாம். கேப் பல்லைவிட மென்மையாக இருந்தால், ஒவ்வொரு கடியின்போதும் அதன் விளிம்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் விரிந்து மூடுகிறது. அந்த அசைவு முழுவதையும் மெல்லிய சிமென்ட் அடுக்கே தாங்க வேண்டியிருக்கிறது. கேப்பின் உட்புறத்தைச் சொரசொரப்பாக்குவதிலோ, பல்லை உலரவைப்பதிலோ ஒரு சிறு பிசகு நேர்ந்திருந்தால், அந்த அடுக்கு சில மாதங்களில் கைவிடும். பீக் அந்தக் கட்டியைவிட மேலும் மென்மையானது என்பதை மேலே உள்ள அட்டவணையில் பாருங்கள். ஒற்றைக் கடைவாய்ப்பல்லுக்குப் பீக் கேப்பை நான் முதல் தெரிவாக வைக்காததற்கு இதுவே காரணம்.

முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுக்கும் ரெசின் கேப்கள் இப்போது பல மருத்துவமனைகளில் ஒரே நாளில் கிடைக்கின்றன. அவற்றின் தரம் பொருளைவிட, அச்சிட்ட பின் கழுவுவதிலும் ஒளியில் இறுக்குவதிலும்தான் இருக்கிறது. அதை நோயாளியால் சோதிக்க முடியாது. குழந்தைகளின் பால்பற்கள், இடைக்காலக் கேப் ஆகியவற்றுக்குச் சரி. 40 வயதில் நிரந்தரமாக வைத்துக்கொள்ள இன்னும் காத்திருக்கலாம்.

## பீக்

1970-களின் பிற்பகுதியில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் உருவாக்கிய பாலிமர் இது. 343 டிகிரியில்தான் உருகுகிறது. அடர் கந்தக அமிலத்தைத் தவிர பெரும்பாலான வேதிப்பொருள்கள் அதைத் தொடுவதில்லை; நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. முதுகெலும்பு இம்ப்ளான்ட்டுகளில் நெடுநாளாகப் பயன்பட்டு வருவதால் உடலுக்கு ஒவ்வாமை தரும் வாய்ப்பு குறைவு என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. பல் மருத்துவத்தில் பெரும்பாலும் பீங்கான் துகள் கலந்த வகையே வருகிறது. பிரெடென்ட் நிறுவனத்தின் பயோ ஹெச்.பி.பி. அதில் பரவலாக அறியப்பட்ட பெயர்.

இத்தனை பலத்தையும் அதன் ஒரு குணமே பலவீனமாக மாற்றுகிறது. எதுவும் தாக்காத பொருளில் எதுவும் எளிதில் ஒட்டுவதும் இல்லை. பீக்கின் இயல்பான நிறம் பழுப்பும் சாம்பலும் கலந்தது, ஒளி ஊடுருவாது. ஆகவே முன்பல்லிலும் சிரிக்கும்போது தெரியும் பல்லிலும் அதன் மேல் பல்நிற ரெசின் பூசியே ஆக வேண்டும். அந்தப் பூச்சு பிடிக்க, லேபில் அலுமினா துகளை வீசி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, அதற்கென்றே உள்ள பசையைத் தடவி ஒளியில் இறுக்க வேண்டும். 98 சதவீதக் கந்தக அமிலத்தால் அரித்தால் பிடிப்பு கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன; ஆனால் அந்த அமிலத்தை நோயாளியின் வாய்க்கு அருகில் கொண்டுவர முடியாது. எனவே வீட்டில் முறுக்கு கடிக்கும்போது பூச்சு பெயர்ந்தால், மருத்துவமனையில் செய்யும் ஒட்டு லேபில் செய்த ஒட்டுக்கு நிகராக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பெயர்ந்த இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் கதை தெளிவாகத் தெரியும். கடைவாய்ப்பல்லின் கன்னப்பக்க மேட்டில், நகக்கண் அளவில் ஒரு பிறை வடிவப் பள்ளம். அடியில் பீக்கின் மங்கிய பழுப்பு நிறம் உடையாமல் அப்படியே தெரிகிறது. பள்ளத்தின் ஓரத்தைச் சுற்றி காபிக் கறை மெல்லிய கோடாக இறங்கியிருக்கிறது. அந்தக் கோடு, பூச்சு பெயர்வதற்கு முன்பே அடியில் விட்டுப்போயிருந்தது என்பதற்குச் சாட்சி.

மறைவாக இன்னொரு விலையும் உண்டு. உள்கட்டுக்கும் பூச்சுக்கும் சேர்த்து இடம் வேண்டும் என்பதால், பல்லின் கடிபரப்பில் 1.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இழைக்க வேண்டியிருக்கும். ஒரே கட்டியாகச் செய்யும் ஜிர்கோனியா கேப்புக்கு அதைவிடக் குறைவாக இழைத்தாலே போதும். இழைத்த பல் வளர்வதில்லை. அடுத்த முறை கேப் மாற்றும்போது மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதே அந்தப் பல்லின் ஆயுள். வெளியே தெரியாத கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பூச்சே இல்லாமல் முழு பீக் கேப் வைப்பது ஒரு வழி. நிறத்தைப் பொருட்படுத்தாதவர்களுக்கு அது பூச்சு பிரச்சினையை ஒழிக்கிறது, சிமென்ட் பிரச்சினையை ஒழிப்பதில்லை.

## பெக்

பீக்கின் உறவுக்காரப் பாலிமர். பல் மருத்துவத்துக்கு வரும் பெக்டான் வகையில் டைட்டானியம் ஆக்சைடு கலந்திருப்பதால் தந்த நிறத்தில் இருக்கிறது. கடினமும் அழுத்தம் தாங்கும் திறனும் பீக்கைவிடச் சற்றுக் கூடுதல். கடையலாம், அச்சில் அழுத்தியும் வார்க்கலாம். பூச்சு பிடிப்பதிலும் பீக்கைவிடச் சில ஆய்வுகளில் நல்ல பலன் வந்திருக்கிறது. ஆனால் தொடர் கண்காணிப்பு பீக்குக்கு இருப்பதைவிடக் குறைவு; அதைக் கையாளப் பழகிய லேபுகளும் குறைவு. உங்கள் மருத்துவர் வழக்கமாக அனுப்பும் லேப் பீக்கில் தேர்ந்ததாக இருந்தால், அட்டவணையில் உள்ள 30 மெகாபாஸ்கல் வித்தியாசத்துக்காகப் புதிய லேபைத் தேட வேண்டியதில்லை.

## ஒப்பீட்டுக்கான தராசு: ஜிர்கோனியாவும் உலோகமும்

உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப்புக்குப் பல பத்தாண்டுச் சான்று உண்டு. பல் மருத்துவ ஆய்வாளர் ஐரீனா சைலர் குழுவினர் 2015-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் இந்த வகைக் கேப்கள் 5 ஆண்டுகளில் 94.7 சதவீதம் நிலைத்திருந்தன. அன்றைய ஜிர்கோனியா கேப்கள் 92.1 சதவீதம். ஜிர்கோனியா அத்தனை வலிமையான பொருளாக இருந்தும் பின்தங்கியதற்கு, அப்போது அதன் மேல் பூசிய பீங்கான் சிதறியதும் கேப் கழன்றதும் காரணங்களாக இருந்தன. பின்னர் பூச்சில்லாமல் ஒரே கட்டியாகச் செய்யும் ஜிர்கோனியா பரவியபோது சிதறல் புகார் பெருமளவு குறைந்தது. பாலிமர்களும் இன்று அதே பூச்சு கட்டத்தில்தான் நிற்கின்றன. வித்தியாசம் என்னவென்றால், பூச்சை விட்டுவிட்டு முன்பல்லில் வைக்கக்கூடிய நிறம் பீக்குக்கு இன்னும் வாய்க்கவில்லை.

ஜிர்கோனியா எதிர்ப்பல்லை அரைத்துவிடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. நன்றாக மெருகேற்றிய ஜிர்கோனியா, பூசிய பீங்கானைவிட எதிர்ப்பல்லுக்குக் குறைவான சேதமே செய்கிறது. உயரம் சரிசெய்ய இழைத்துவிட்டு மெருகேற்றாமல் அனுப்பிவிடும்போதுதான் அந்த அச்சம் உண்மையாகிறது. உலோகக் கேப்பில் கவனிக்க வேண்டியது நிக்கல். நம் நாட்டில் விலை குறைந்த உலோக-பீங்கான் கேப்கள் பலவற்றில் நிக்கல்-குரோமியக் கலவையே உள்கட்டு. கவரிங் நகை அணிந்தால் தோல் அரிக்கும் எவரும் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவில் பாலிமர் பிரேம்களுக்கு ஆதரவு கூடியதற்குப் பின்னால் ஒரு சட்டக் காரணமும் உண்டு. புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை உள்ளிட்ட தீங்கான பொருள்களின் பட்டியலில் கோபால்ட் சேர்க்கப்பட்டு, 2021 அக்டோபரில் அந்த வகைப்பாடு நடைமுறைக்கு வந்தது. அதனால் கோபால்ட்-குரோமியப் பிரேம் தடைசெய்யப்படவில்லை. லேபுகளுக்கு எழுத்து வேலையும் எச்சரிக்கைக் குறிப்பும் கூடின, மாற்றைத் தேடும் ஆர்வமும் கூடியது. வாயில் ஏற்கெனவே அத்தகைய பிரேம் வைத்திருப்பவர்கள் பதறி மாற்ற வேண்டியதில்லை.

## எந்த நிலையில் எது

ஒற்றைக் கடைவாய்ப்பல் கேப். ஒரே கட்டியான ஜிர்கோனியா. பல்லின் அளவு போதுமானதாக இருந்தால் லித்தியம் டைசிலிகேட்டும் நல்ல தேர்வு. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்குப் பீக் "அதிர்ச்சி தாங்கும்" என்று சொல்லி விற்கப்படுகிறது. அவர்களுக்குத்தான் மேல்பூச்சு முதலில் பெயரும். இரவில் அணியும் அக்ரிலிக் காப்புத் தட்டு, எந்தக் கேப்பையும்விட அவர்களுக்கு அதிக லாபம் தரும்.

மூன்று பல் பாலம். பாலிமரில் செய்தால் இடையில் தொங்கும் பற்கள் ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்றே தயாரிப்பாளர்களின் கையேடுகள் எல்லை வைக்கின்றன. பற்களை இணைக்கும் கழுத்துப் பகுதி ஜிர்கோனியாவில் இருப்பதைவிடத் தடிமனாக இருக்க வேண்டும். அந்தத் தடிமன் பற்களுக்கு இடையே பிரஷ் நுழையும் வழியை அடைக்கிறது. ஈறு ஏற்கெனவே வீங்கி இரத்தம் கசிபவருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

கழற்றி மாட்டும் பகுதிப் பல்செட். பீக் தன் முழு மதிப்பைக் காட்டும் இடங்களில் இது ஒன்று. இங்கே பிரேம் பல்லோடு ஒட்ட வேண்டியதில்லை, வெறுமனே பற்றிக்கொண்டால் போதும். பெரும்பகுதியில் பூச்சும் தேவையில்லை. பல்லைப் பற்றும் கம்பிகள் கோபால்ட்-குரோமியத்தில் செய்தால் பிடிப்பு இறுக்கமாக இருக்கும், ஆனால் சிரித்தால் உலோகம் தெரியும். பீக் கம்பி மென்மையாகப் பற்றுவதால் அதைத் தடிமனாக்கி, பல்லின் வளைவில் ஆழமாக, ஏறத்தாழ 0.5 மில்லிமீட்டர் உள்வாங்கிய இடத்தில் வைக்கிறார்கள், உலோகத்துக்கு 0.25 போதும். பத்தாண்டுக் காலம் கழற்றி மாட்டுவதற்குச் சமமாக 15,000 முறை இழுத்துப் பார்த்த சோதனையில், பீக் உள்ளிட்ட இத்தகைய பாலிமர் கம்பிகளின் பிடிப்பு உலோகத்தைவிடக் குறைவாக இருந்தாலும் பயன்பாட்டுக்குப் போதுமானதாகவே நின்றது. அதே கன அளவுக்கு எடையோ உலோகத்தில் ஆறில் ஒரு பங்கு: பீக்கின் அடர்த்தி 1.3, கோபால்ட்-குரோமியத்தின் அடர்த்தி 8-க்கு மேல். மேல்தாடையில் பல்செட் தொங்கிவிடுமோ என்று நாக்கால் தாங்கிக்கொண்டே பேசுபவர்கள் இந்த வித்தியாசத்தை முதல் நாளே உணர்வார்கள். குறை என்னவென்றால், கம்பி ஒன்று முறிந்தால் பற்றவைக்க முடியாது. பெரும்பாலும் பிரேமையே புதிதாகக் கடைய வேண்டும். இன்னும் சில பற்கள் விழும் நிலையில் உள்ளவருக்கு, அவை விழுந்து முடியும் வரை அக்ரிலிக்கே புத்திசாலித்தனம்.

இம்ப்ளான்ட் மேல் முழு வரிசை. தாடை எலும்பில் பதித்த நான்கோ ஆறோ இம்ப்ளான்ட்டுகளின் மேல் ஒரு தாடையின் எல்லாப் பற்களையும் ஒரே பாலமாகத் திருகும் சிகிச்சை இது. விலையும் விளம்பரமும் இங்கேதான் உச்சம். எனவே சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரேனமார்க் 1965-இல் மனிதருக்கு டைட்டானியம் இம்ப்ளான்ட் பொருத்தத் தொடங்கிய காலத்திலிருந்து, தங்கக் கலவைப் பிரேமின் மேல் அக்ரிலிக் பற்கள் என்ற அமைப்பே முழு வரிசைக்கு நெடுநாள் வழக்கமாக இருந்தது. அதிலும் முதலில் கைவிட்டது பற்கள்தாம்: தேய்ந்தன, பெயர்ந்தன. மென்மையான கடிபரப்பு இம்ப்ளான்ட்டை அதிர்ச்சியிலிருந்து காக்கும் என்ற கருத்தைப் பொறியியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஸ்காலக் 1983-இல் எழுதினார். பீக் பிரேமுக்கு இன்று சொல்லப்படும் "அதிர்ச்சி உறிஞ்சும்" வாதம் அந்த வழியில் வந்ததே. இயற்கைப் பல்லைச் சுற்றி இருக்கும் மெத்தை போன்ற நார்ப்படலம் இம்ப்ளான்ட்டுக்கு இல்லை என்பதால் அந்த வாதம் மனத்துக்கு உடனே பிடித்துவிடுகிறது. ஆனால் கணினி மாதிரி ஆய்வுகள் பல இன்னொரு பக்கத்தையும் காட்டுகின்றன: பிரேம் வளைந்து கொடுத்தால், விசை எல்லா இம்ப்ளான்ட்டுகளுக்கும் பகிரப்படாமல், கடித்த இடத்துக்கு அருகில் உள்ள இம்ப்ளான்ட்டின் மேலும் அதன் திருகின் மேலும் குவிகிறது. கெட்டியான பிரேமே சுமையைப் பகிர்கிறது. பாலம் கடைசி இம்ப்ளான்ட்டுக்குப் பின்னால் நீண்டு தொங்கினால் வளைவு மேலும் கூடும். ஆகவே அதிர்ச்சியை உறிஞ்சும் என்ற ஒரே காரணத்துக்காகப் பீக் பிரேமுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

அதைத் தேர்ந்தெடுக்க வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. எடை குறைவு. பழுது எளிது: திருகைக் கழற்றி, பெயர்ந்த பல்லை லேபில் மாற்றி, மீண்டும் மாட்டலாம், ஜிர்கோனியா முழு வரிசையில் ஒரு விரிசல் விழுந்தால் பெரும்பாலும் முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். மேலும் கீழும் ஜிர்கோனியாவாக இருந்தால் சாப்பிடும்போது டக் டக்கென்று மோதும் ஓசை சிலரைக் கடைசிவரை தொந்தரவு செய்கிறது. பாலிமரில் அது இல்லை. லிஸ்பனில் பல் மருத்துவர் பாவ்லோ மாலோ குழுவினர் பீக்-அக்ரிலிக் முழு வரிசைப் பாலங்களைத் தொடர்ந்து கண்காணித்து, 2018-இல் முதல் அறிக்கை வெளியிட்டனர். பெரும்பாலான பாலங்கள் நிலைத்தன, தொழில்நுட்பக் குறைகளுள் முக்கியமானது பூச்சு பிரேமோடு ஒட்டாமல் போனது.

என் பரிந்துரை: எதிரே இயற்கைப் பற்களோ ஜிர்கோனியாவோ இருந்து, கடி பலமாக இருப்பவர்களுக்கு டைட்டானியப் பிரேம் அல்லது ஜிர்கோனியா, எதிரே கழற்றி மாட்டும் பல்செட் இருந்து, ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் தவறாமல் வரக்கூடியவர்களுக்குப் பீக். கடைசி நிபந்தனை முக்கியமானது. பாலிமர் முழு வரிசை பராமரிப்போடு சேர்த்தே விற்கப்பட வேண்டிய பொருள். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்து பல் கட்டிக்கொண்டு, அடுத்து மூன்று ஆண்டுகள் கழித்து வருபவர்களுக்கு அது பொருந்தாது.

வாய்ப்புற்று அறுவைக்குப் பின். புகையிலையும் பாக்கும் காரணமாக வாய்ப்புற்று அதிகம் உள்ள நம் நாட்டில் இதைச் சொல்லியாக வேண்டும். மேல்தாடையின் ஒரு பகுதி நீக்கப்பட்டவர்களுக்கு மூக்கையும் வாயையும் பிரிக்கும் அடைப்புத் தட்டு வேண்டும். அது எடை குறைவாக இருந்தால்தான் நிற்கும். ஸ்கேன் படத்தில் உலோகத்தைப் போல நிழல் கோடுகளை உண்டாக்காதது பீக்கின் கூடுதல் நன்மை. இங்கே நீடிப்பைவிட இந்த இரண்டும் முக்கியம். ஈறும் தழும்பும் மாறிக்கொண்டிருக்கும் முதல் மாதங்களில் அக்ரிலிக்கில் வைத்து, வடிவம் நிலைத்த பிறகு பீக்குக்கு மாறுவதே நடைமுறை.

## ரசீதில் தெரியாத செலவுகள்

ஜிர்கோனியா கேப்போடு 10 ஆண்டு, 15 ஆண்டு என்று ஒரு வாரண்டி அட்டை வருகிறது. அது பெரும்பாலும் பொருள் உடைவதை மட்டுமே உள்ளடக்குகிறது. கேப் கழன்றாலோ, அடியில் சொத்தை வந்தாலோ, மறுபடி அளவு எடுக்கும் கட்டணமோ அதில் சேராது. பாலிமரில் இந்த இடைவெளி இன்னும் பெரியது. பீக் உடையவில்லை, பூச்சுதான் பெயர்ந்தது என்றால் அட்டையால் பயனில்லை. "பூச்சு எத்தனை ஆண்டுகளுக்கு, மறுபூச்சுக்கு என்ன கட்டணம்" என்று சிகிச்சைக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பூசிய ரெசின் பீங்கானைவிடச் சீக்கிரம் மெருகு இழக்கும். பல் சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் மெருகேற்றும் செலவைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கரி கலந்த பற்பொடி, உப்பு, செங்கல்பொடி வழக்கம் உள்ள வீடுகளில் இது இன்னும் விரைவு. பீக்கும் அக்ரிலிக்கும் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிவதில்லை. கேப்புக்கு அடியில் உள்ள பல்லைப் பார்க்க இது உதவும். ஆனால் சிறிய கழற்றி மாட்டும் செட்டை ஒருவர் தூக்கத்தில் விழுங்கிவிட்டால் எங்கே சிக்கியிருக்கிறது என்று படத்தில் கண்டுபிடிப்பது கடினம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும், மறதி நோய் உள்ள முதியவர்களுக்கும் இதற்காகவே பெரிய அளவுத் தட்டோ, உலோகப் பகுதி உள்ள செட்டோ தேர்வு செய்யலாம்.

எந்தப் பொருளைத் தேர்ந்தாலும், கடைந்தெடுத்த வேலையாக இருந்தால் அதன் கணினி வடிவமைப்புக் கோப்பையும், பயன்படுத்திய கட்டியின் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள ஒட்டுச்சீட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் ஊர் மாறினாலும், லேப் மூடப்பட்டாலும், அந்தக் கோப்பிலிருந்து அதே பிரேமை வேறு லேபில் மறுபடி கடைய முடியும். எந்தப் பசை அதற்கு ஒத்துவரும் என்பதையும் அந்தச் சீட்டைப் பார்த்தே முடிவு செய்வார்கள்.